தவிடு போன வழி

கொழுப்பு நீக்கிய பன்றி இறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 0.95 மில்லிகிராம் தயமின் இருக்கிறது. பி1 வைட்டமின் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் இது. அதே எடை மாட்டிறைச்சியிலோ கோழிக்கறியிலோ இது 0.1 மில்லிகிராமைத் தொட்டாலே அதிகம். புரதத்தில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஒவ்வொன்றிலும் 20 கிராமுக்குச் சற்று மேல். இரும்பும் துத்தநாகமும் மாட்டிறைச்சியில் கூடுதல். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியிலும் கொழுப்பு குறைவுதான். தயமின் என்று வந்தால் மட்டும், மனிதர் வழக்கமாக உண்ணும் பண்ணை விலங்கு எதுவும் பன்றிக்குப் பக்கத்தில் வர முடியாது.

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1.2 மில்லிகிராம், பெண்ணுக்கு 1.1 மில்லிகிராம் தயமின் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. உள்ளங்கை அளவு பன்றி இறைச்சியே அதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், சீனச் சமையலறையில் கால் மணி நேரத்தில் ஆகிவிடும் ஓர் எளிய வதக்கல் அந்த நாட்டு வெள்ளைச் சோற்றுக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பது விளங்கும்.

அந்த உணவுக்குச் சிங்ஜியாவ் ரௌஸி என்று பெயர். பச்சைக் குடைமிளகாயையும் பன்றிக்கறியையும் ஒரே நீளத்தில், ஒரே கனத்தில் மெல்லிய கீற்றுகளாக அரிந்து வதக்குவது. சீனாவெங்கும் வீடுகளிலும் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்களிலும் இது அன்றாட உணவு. ஜப்பானுக்குப் போய்ச் சின்ஜாவோ ரோஸு ஆகி, அங்கே பள்ளி மதிய உணவுவரை வந்துவிட்டது.

மாட்டுக்கறியை நாருக்குக் குறுக்கே அரிய வேண்டும், பன்றிக்கறியை நார் போகும் போக்கிலேயே அரிய வேண்டும் என்பது சீனச் சமையல்காரர்களின் விதி. பன்றியின் நார் மென்மையானது. குறுக்கே வெட்டினால் சட்டியில் உதிர்ந்துபோகும். அரிந்த கீற்றுகளில் கொஞ்சம் சோயா சாஸ், கொஞ்சம் அரிசி மது, ஒரு சிட்டிகை கார்ன்ஃப்ளார் மாவு பிசறி ஊறவைப்பார்கள். சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய், பூண்டு, இஞ்சி. கறி நிறம் மாறியவுடன் எடுத்துவிடுவார்கள். அதே சட்டியில் குடைமிளகாய் ஒரு நிமிடம் புரளும். கறி திரும்ப உள்ளே போகும். மாவு கரைத்த நீர் கடைசியில் விழுந்து, குழம்பாக ஓடாமல் எல்லாவற்றின் மேலும் மினுமினுப்பாக ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கு 200 கிராம் கொழுப்பில்லாத கறி, 200 கிராம் குடைமிளகாய், பல வீடுகளில் சேர்ப்பதுபோல 50 கிராம் கேரட், அதே அளவு வெங்காயம், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் பங்கில் சுமார் 280 கலோரி, 22 கிராம் புரதம், 16 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் 13 கிராமுக்கு மேல் எண்ணெயிலிருந்து வருவது. கறியிலிருந்து வருவது இரண்டு கிராம் சொச்சம்தான். பன்றிக்கறி என்றாலே கொழுப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும். தயமின் சட்டியில் இறங்கும்போது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். சூட்டில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு அழிந்தாலும், அன்றைய தேவையில் பாதிக்கு மேல் தட்டுக்கு வந்துசேரும்.

பன்றியின் தசையில் மட்டும் இந்தச் சத்து ஏன் இவ்வளவு சேர்கிறது? மாட்டுக்குத் தயமினைத் தயாரித்துக் கொடுப்பது அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். தேவைக்கு அது போதும். தசையில் பெரிதாகச் சேமிப்பு இல்லை. பன்றிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அது தீனியில் கிடைக்கும் தயமினைத்தான் நம்பியிருக்கிறது. கிடைக்கும்போது தசையில் சேர்த்தும் வைத்துக்கொள்கிறது. தீனியில் தயமின் கூடினால் கறியிலும் கூடும்.

அப்படியானால் தென்சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உழவர் வீட்டுப் பன்றி எதைத் தின்று வளர்ந்தது? சமையலறைக் கழிவு, சர்க்கரைவள்ளிக் கொடி, இவற்றோடு அரிசித் தவிடு. தவிடு 100 கிராமில் ஏறக்குறைய 2.7 மில்லிகிராம் தயமின் உண்டு. தீட்டாத அரிசியில் 0.4 மில்லிகிராம் இருப்பது, வெள்ளையாகத் தீட்டிய பிறகு 0.07 ஆகக் குறைகிறது. அரிசியைக் களைந்து, உலையில் போட்டு, கஞ்சியையும் வடித்துவிட்டால் சோற்றில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு. மனிதர் தம் தட்டிலிருந்து நீக்கிய சத்து பன்றித் தொட்டிக்குப் போனது. தொட்டியிலிருந்து தசைக்குப் போனது. தசையிலிருந்து, கறி வாங்க வசதி இருந்தவர்களின் தட்டுக்குத் திரும்பியது. ஆசிய உணவு வரலாற்றில் இதைவிட அக்கறையோடு சொல்லப்பட வேண்டிய சுற்று வேறில்லை. ஏனென்றால், கறி வாங்க வசதி இல்லாதவர்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள்.

அந்த நோய் பெரிபெரி. சோறு செரித்துச் சர்க்கரையாகி, செல்லுக்குள் எரிந்து ஆற்றலாவதற்கு இடையில் ஒரு வாசல் இருக்கிறது. பைருவேட் என்னும் பொருள் அதைக் கடந்தால்தான் மேற்கொண்டு எரிய முடியும். கடத்திவிடும் நொதிக்குத் தயமின் துணை வேண்டும். மாவுச்சத்து எவ்வளவு அதிகமாக உண்கிறோமோ அவ்வளவு தயமின் செலவாகும். உடலில் மொத்தக் கையிருப்போ 30 மில்லிகிராம் அளவுதான். இரண்டு மூன்று வாரம் வரவு நின்றால் கையிருப்பு கரைந்துவிடும். ஆற்றலை அதிகம் செலவிடும் நரம்பும் இதயமும் முதலில் தளரும். ஒரு வகையில் கால் மரத்து நடை போகும். இன்னொரு வகையில் உடல் நீர் கோத்து, இதயம் நின்றுபோகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி அரவை ஆலைகள் வந்து, தீட்டிய அரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் நோய் பரவியது. ஜப்பானியப் போர்க்கப்பல் ரியூஜோ 1882இன் இறுதியில் நியூசிலாந்து, சிலி, ஹவாய் வழியாக நீண்ட பயணம் புறப்பட்டது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி. 25 பேர் இறந்தனர். லண்டனில் படித்துத் திரும்பியிருந்த கடற்படை மருத்துவர் தகாகி கனெஹிரோ உணவில் இறைச்சியும் பார்லியும் பயறும் சேர்க்க வைத்து, 1884இல் சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்ப ஏற்பாடு செய்தார். ஒருவரும் சாகவில்லை. புரதக் குறைவே காரணம் என்று தகாகி நினைத்தார். காரணம் தவறு, தட்டில் செய்த மாற்றம் சரி. தரைப்படை அதை ஏற்க மறுத்தது. 1904-05இல் ரஷ்யாவுடன் நடந்த போரில் ஜப்பானியத் தரைப்படையினர் ஏறத்தாழ 27,000 பேர் பெரிபெரியால் மாண்டதாகக் கணக்கு.

அதே காலத்தில் மலாயாவில் இன்னொரு புதிர். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் ஆயிரக்கணக்கில் பெரிபெரிக்குப் பலியாகிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே வாழ்ந்த தமிழர்களுக்கு அந்த நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசியை உண்டார்கள். அவர்களுக்கும் நோய் குறைவு. 1907இல் பிராடன் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்களுக்கு ஒரு குழுவுக்கு வெள்ளையரிசியும் இன்னொரு குழுவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். நோய் வெள்ளையரிசியைத் தொடர்ந்து வந்தது. அரிசியை மாற்றியதும் நோயும் இடம் மாறியது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரில் கரைந்து உள்ளே, அரிசி மணிக்குள் இறங்குகிறது. பிறகு மாவுச்சத்து இறுகிக்கொள்வதால், தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. தஞ்சாவூர்க்காரர்கள் இதை அறிவியலாக அறிந்து செய்யவில்லை என்றாலும், கடல் கடந்து போன பேரன்மாரின் உயிரைக் காத்தது அப்படி அவித்ததுதான். சீனச் சுரங்கத் தொழிலாளிக்குப் பன்றிக்கறி பிடித்த உணவே. ஆனால் மலை மலையாகச் சோறும் தொட்டுக்கொள்ள மட்டுமே கறியும் என்றிருந்த தட்டில் அது என்ன செய்திருக்க முடியும்? 100 கிராம் கறியில் வரும் சத்து 10 கிராமில் வராது.

தவிட்டுக்குள் இருந்த அந்தப் பொருளை 1926இல் இன்றைய ஜகார்த்தாவான படாவியாவில் பி.சி.பி. யான்சனும் டபிள்யூ.எஃப். டோனத்தும் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் வேதிக் கட்டமைப்பைக் கண்டறிந்து, 1936இல் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் ஆர். வில்லியம்ஸ். அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூரில் 1886இல் பிறந்த பாதிரியார் வீட்டுப் பிள்ளை. மணிலாவில் தவிட்டுச் சாறு கொடுத்துப் பெரிபெரிக் குழந்தைகள் பிழைப்பதைக் கண்ணால் பார்த்தவர், பிறகு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் தலைவராக வேலை பார்த்தபடி, ஓய்வு நேரத்திலெல்லாம் தவிட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கால் நூற்றாண்டு உழைப்பு அது.

சட்டிக்குத் திரும்பலாம். கறிக்கு முன்னால் எண்ணெயில் விழும் பூண்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

1950களின் தொடக்கத்தில் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஃபுஜிவாரா மோத்தோனோரி, உணவிலுள்ள எந்தெந்தப் பொருட்கள் தயமினை அழிக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். பூண்டுச் சாற்றோடு தயமினைக் கலந்து வழக்கமான வேதிச் சோதனை செய்தால் தயமின் காணாமல் போயிருந்தது. பூண்டு அதை அழித்துவிட்டது என்றே எவரும் முடிவு செய்வார்கள். ஆனால் அந்தக் கலவை உயிருள்ள உடலில் தயமினாகவே வேலை செய்தது. சாதாரணத் தயமினைவிட எளிதாகக் குடலில் உறிஞ்சவும்பட்டது. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் தயமினோடு சேர்ந்து, கொழுப்பில் கரையக்கூடிய புதிய பொருளாக மாறியிருந்தது. அதற்கு அல்லிதயமின் என்று பெயர் வைத்தார்கள். அந்த வழியில் வந்த மருந்தைத் தகேதா நிறுவனம் 1954இல் அலினமின் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஜப்பானிய மருந்துக் கடைகளில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. வெக்கையில் உடல் சோர்ந்தால் பன்றிக்கறியைப் பூண்டோடோ நிரா எனப்படும் பூண்டுத்தாளோடோ வதக்கி உண்ணச் சொல்லும் ஜப்பானியர், அதற்கு இந்த வேதியியலைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

இதில் சமையல் கை கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் ஒரு நொதி அதை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். உரித்த பல்லை அப்படியே கொதிக்கும் எண்ணெயில் போட்டால் மணம் வரும், அல்லிசின் வராது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டுச் சூடாக்கினால் அதன் பலன் பெரிதும் தப்புகிறது என்று எலிகளில் காட்டினார்கள். கறி ஊறும் அதே பத்து நிமிடத்தில் நசுக்கிய பூண்டும் பலகையிலேயே காத்திருக்கட்டும்.

குடைமிளகாய் பச்சையாக 100 கிராமில் சுமார் 80 மில்லிகிராம் வைட்டமின் சி தருகிறது. பழுத்துச் சிவந்ததில் 120ஐத் தாண்டும். ஒரு நாளைக்குத் தேவையானது ஏறக்குறையப் பச்சையில் உள்ள அளவே. பிரச்சினை, இதுவும் தயமினைப் போல நீரில் கரைவது, சூட்டில் அழிவது. சீன முறை வதக்கலில் காய்ச் சத்து அப்படியே நிற்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அது மிகை. சீனாவின் செஜியாங் பல்கலைக்கழகத்தில் 2009இல் பிராக்கோலியை வைத்து ஐந்து விதமாகச் சமைத்துப் பார்த்தார்கள். ஆவியில் வேகவைத்ததில்தான் வைட்டமின் சி ஏறக்குறைய முழுதாக நின்றது. வதக்கியதில் சுமார் கால் பங்கு போயிற்று. தண்ணீரில் வேகவைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, வதக்கல் நடுவில் நிற்கிறது. கால் பங்கு போனாலும் நம் தட்டில் 60 மில்லிகிராம் மிஞ்சும். குறை சொல்வதற்கில்லை.

நீரில் கரைந்து வெளியேறும் சத்தை மடக்கிப் பிடிப்பதில்தான் இந்தச் சமையல் கெட்டி. வடித்துக் கொட்டுவதற்கு இதில் தண்ணீரே இல்லை. கறியிலிருந்தும் காயிலிருந்தும் கசியும் சாற்றைக் கடைசியில் ஊற்றும் மாவுக் கரைசல் பிடித்து, கீற்றுகளின் மேலேயே பூசிவிடுகிறது. கறியை முதலில் முழுதாக வேகவைத்துப் பிறகு வதக்கும் சிச்சுவான் உணவான ஹுய்குவோரௌவில் தயமின் நிறையவே வெந்நீரில் இறங்கிவிடும். சிச்சுவான் வீடுகளில் அந்தத் தண்ணீரிலேயே முள்ளங்கி போட்டு சூப் வைப்பதால் அது வீணாவதில்லை.

ஒரு பொருளை மட்டும் இந்தச் சட்டிக்குள் விடக்கூடாது. கறி மிருதுவாக இருக்கவும் காய் பச்சைப் பசேலென்று தெரியவும் சில கடைகளில் சமையல் சோடா போடுகிறார்கள். காரத்தன்மையில் தயமின் சிதைந்துபோகும்; வைட்டமின் சியும் அப்படியே. எந்தச் சத்துக்காக இவ்வளவும் சொன்னோமோ அதை ஒரு சிட்டிகைத் தூள் அழித்துவிடும். முட்டை வெள்ளைக்கருவும் மாவும் எண்ணெயும் பிசறினாலே கறி மிருதுவாகும்.

இனி எண்ணெய். கேரட்டின் ஆரஞ்சு நிறமான பீட்டா கரோட்டின் கொழுப்பில் மட்டுமே கரையும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004இல் செய்த சோதனையில், கொழுப்பே இல்லாத டிரெஸ்ஸிங் ஊற்றிய சாலட்டை உண்டவர்களின் இரத்தத்தில் கரோட்டின் அநேகமாக ஏறவே இல்லை. எண்ணெய் சேர்ந்த டிரெஸ்ஸிங்கோடு உண்டபோது ஏறியது. ஒரு வேளைச் சாப்பாட்டில் மூன்று முதல் ஐந்து கிராம் கொழுப்பு இருந்தாலே இந்த வேலை நடந்துவிடும். வதங்கும்போது காயின் செல் சுவர் தளர்வதால் கரோட்டின் வெளியே வருவதும் எளிதாகிறது. நம் கணக்கிலுள்ள 25 கிராம் கேரட் ஒருவரின் வைட்டமின் ஏ தேவையில் ஐந்தில் ஒரு பங்கைத் தரும். எண்ணெய் பக்கத்தில் இருந்தால்தான் தரும்.

இரும்பிலும் இதே கூட்டுறவுதான். கீரை, காய், தானியங்களின் இரும்பைக் குடல் அரைமனதோடுதான் ஏற்கும். 1960களின் இறுதியில் வெனிசுவேலாவின் மிகெல் லைரிஸ் குழுவினர், கதிரியக்க இரும்பை ஏற்றி வளர்த்த மக்காச்சோளத்தையும் கருப்பு அவரையையும் தனியாகவும், இறைச்சியோடு சேர்த்தும் உண்ணக் கொடுத்து அளந்தார்கள். இறைச்சி சேர்ந்தபோது தாவர இரும்பே முன்பைவிடக் கூடுதலாக உறிஞ்சப்பட்டது. வைட்டமின் சியும் இதே உதவியைச் செய்யும். பன்றிக்கறியில் இரும்பு 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான். அட்டவணையைப் பார்த்தால் அலட்சியமாகக் கடந்துவிடுவோம். அதன் மதிப்பு, தட்டில் உள்ள மற்ற இரும்புக்கும் அது கதவைத் திறந்துவிடுவதில் இருக்கிறது. உணவுச் சத்து அட்டவணைகள் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே, பெரும்பாலும் பச்சையாக அளக்கின்றன. பூண்டும் கறியும், கேரட்டும் எண்ணெயும், குடைமிளகாயும் இரும்பும் சட்டியில் சந்தித்துக்கொள்வது அவற்றின் கட்டங்களுக்குள் வருவதே இல்லை.

இவ்வளவும் கொழுப்பில்லாத கறிக்கும் அளவான எண்ணெய்க்கும் சொன்னது. அதே 200 கிராமை வயிற்றுப் பகுதிக் கறியாக மாற்றிப் பாருங்கள். ஒருவர் பங்கு 280 கலோரியிலிருந்து 690 கலோரிக்குத் தாவும். கொழுப்பு 16 கிராமிலிருந்து 66 கிராம். புரதம் பாதியாகக் குறைந்து 11 கிராம். தயமினும் பாதிக்குக் கீழே. பன்றிக்கறி உடம்புக்கு நல்லதா என்று கேட்பவரிடம், எந்த இடத்துக் கறி என்று திருப்பிக் கேட்பதே முறையான பதில்.

உப்பு இன்னும் பெரிய தலைவலி. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சோடியம் ஏறக்குறைய 900 மில்லிகிராம். ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோயா சாஸோடு சிப்பிச் சாஸும் தூள் உப்பும் சேர்ந்தால் ஒரே தட்டில் எல்லை நெருங்கிவிடும். சீன அரசின் 2020ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வீட்டுச் சமையலில் மட்டும் ஒருவர் நாளொன்றுக்கு 9.3 கிராம் உப்பும் 43.2 கிராம் எண்ணெயும் உண்கிறார். 2022இல் வந்த சீன உணவு வழிகாட்டி சொல்வதோ 5 கிராமுக்குள் உப்பு, 25 முதல் 30 கிராம் எண்ணெய். பக்கவாதம் மிகுந்த ஒரு நாட்டில் இந்த இடைவெளி சாதாரணமானதில்லை. இஞ்சி, பூண்டு, மிளகு, வினிகர் ஆகியவற்றைக் கூட்டிச் சாஸைப் பாதியாக்கினால் சுவை பெரிதாகக் குறையாது. இந்த உணவில் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்றே ஒன்றுதான் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பன்றிக்கறி சிவப்பு இறைச்சி வகையைச் சேர்ந்தது. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: சாசேஜ், பேகன், ஹாம் ஒரு வகை, புதுக் கறி வேறு வகை. சமைத்த சிவப்பு இறைச்சி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியத்தின் அறிவுரை. நம் அளவில் வாரம் மூன்று நான்கு முறை உண்டாலும் அந்த எல்லைக்குள்தான்.

நாடாப்புழு பற்றியும் பேசியாக வேண்டும். தமிழர்களில் பலர் பன்றிக்கறியைத் தொடத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். மெல்லிய கீற்று கொதிக்கும் சட்டியில் நிறம் மாறி வெந்துவிட்டால் புழுவின் கட்டிகள் பிழைக்காது. முழுத் துண்டுக்கே உள்சூடு 63 பாகை செல்சியசை எட்டி மூன்று நிமிடம் விட்டால் போதும் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சரியாக வேகாத கறி குடலில் புழுவைத் தரும். மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பைத் தருவதோ, அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள். அவை வருவது அழுக்கு நீர் வழியாக, கழுவாத கை வழியாக, கழுவாத காய் வழியாக. நியூயார்க்கில் பன்றிக்கறியை மதக் கட்டளைப்படி தொடவே தொடாத யூதக் குடும்பங்களில் மூளைக் கட்டி கண்டது 1992இல் மருத்துவ இதழில் வெளியானது. அந்த வீடுகளில் சமைத்தவர்களின் குடலில் இருந்த புழுவே காரணமாகக் கொள்ளப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் உள்ளிட்டோர் 1980களின் இறுதியில் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார்கள். இந்திய வலிப்பு நோயாளிகளின் சி.டி. ஸ்கேனில் தெரிந்த சிறு கட்டிகள் காசநோய்க் கட்டிகள் என்று அதுவரை கருதப்பட்டன. அவற்றில் பல இந்த முட்டைகளால் வந்தவை. சைவர்களுக்கும் அது வந்தது. ஆகவே சட்டியில் வேகும் கறியைவிட, பச்சையாக மேலே தூவும் கொத்தமல்லியையும் வெங்காயத்தாளையும்தான் ஓடும் நல்ல நீரில் கூடுதல் கவனத்தோடு கழுவ வேண்டும்.

உண்பவரின் நலனைப் பற்றி இத்தனை எண்கள் இருக்க, சமைப்பவரைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் சுகிமுரா தகாஷி 1970களில் கருகிய மீனிலும் இறைச்சியிலும் மரபணுவைச் சிதைக்கும் பொருட்களைக் கண்டறிந்தார். கறி கருகாமல் நிறம் மாறியதும் எடுத்துவிடும் சீன வழக்கம் இந்தப் பொருட்கள் உருவாக அதிக நேரம் கொடுப்பதில்லை. ஆனால் சட்டியின் மேலெழும் எண்ணெய்ப் புகை வேறு விஷயம். ஷாங்காயில் புகை பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருவதை ஆராய்ந்தவர்கள் 1987இலேயே சமையல் எண்ணெய்ப் புகையைச் சுட்டினார்கள். அதிகச் சூட்டில் வறுக்கும்போது எழும் புகையைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. தைவானில் 2000இல் வெளியான ஆய்வில், எண்ணெய் புகையும்வரை காத்திருந்து காயைப் போடும் பழக்கமுள்ள பெண்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. அடுப்பின் மேல் புகையை வெளியேற்றும் விசிறி வைத்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது.

எண்ணெய் சட்டியில் பளபளவென்று நெளியத் தொடங்கும்போதே நசுக்கிய பூண்டைப் போட்டுவிடலாம். புகை வரக் காத்திருக்க வேண்டியதில்லை. விசிறியை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே ஓடவிட்டு, சட்டியை இறக்கிய பிறகும் சில நிமிடம் ஓடவிடலாம். விசிறி இல்லாத வீட்டில் சன்னலைத் திறந்து வைக்கலாம்.